பேனரில் இருந்த பிள்ளை

ஜனவரி 28, புதன்

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. காலையில், சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்குச் சொல்லியிருப்பேன். என் பேனர் கடைக்கு இரண்டு நாள் லீவு.

மேல் உதட்டில் இடது பக்கம் ஒரு பிளவு இருக்கிறது. மூக்கு வரைக்கும் போகிறது, ஈறும் கொஞ்சம் பிரிந்திருக்கிறது. அண்ணம் நன்றாக இருக்கிறதாம், அதுவே பெரிய ஆறுதல் என்றார் டாக்டரம்மா. பிள்ளை ஐந்து கிலோவைத் தொட்டதும் திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்துவிடலாம், அதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும், அப்புறம் ஒரு மெல்லிய தழும்புதான் தெரியும் என்றார். பூரணியிடம், "இது நீ செஞ்ச எதனாலயும் வந்ததில்லம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். பூரணி தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையைக் கொடுங்கள் என்று கையை நீட்டினாள்.

போனில் யாரிடமும் உதட்டைப் பற்றிச் சொல்லவில்லை. நேரில் வரும்போது தெரிந்துகொள்வார்கள்.

ஜனவரி 30, வெள்ளி

பிள்ளைக்கு உதடு சேராததால் மார்பில் வாய் வைத்தால் காற்றுத்தான் போகிறது. பாலைப் பீய்ச்சி, பாலாடையில் எடுத்து, வலது கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு வேளைப் பாலுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நர்ஸ் சொல்லிக் கொடுத்ததைப் பூரணி டக்கென்று பிடித்துக்கொண்டாள். நீங்களும் பழகிக்கோங்க சார் என்றார் நர்ஸ். என் கைக்கு மவுஸ்தான் பழக்கம், இந்த மாதிரி நெளிவுசுளிவான வேலையெல்லாம் வராது என்று சிரித்துச் சமாளித்தேன்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில். தூசி வருகிறது. அதனால் பிள்ளையின் துண்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டேன். பூரணி இறக்கிவிட்டாள். அடுத்த கட்டிலுக்கு ஆட்கள் பார்க்க வந்தார்கள், மறுபடி இழுத்துவிட்டேன். மறுபடி இறக்கிவிட்டாள். தூசி என்று சொன்னால் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறாள்.

பிப்ரவரி 2, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பூரணிக்கு அம்மா இல்லை, அதனால் தாய்வீட்டுக்குப் போகிற பேச்சே எழவில்லை. எனக்கும் அப்பா அம்மா கிடையாது. இருப்பது சண்முகக்கனி அக்கா ஒருத்திதான், பக்கத்து வீட்டில். என்னை வளர்த்து ஆளாக்கியவள். ஆரத்தி எடுத்து, வெந்நீர் போட்டு, பத்தியச் சமையல் செய்து எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்கிறாள். சும்மா சொல்லக் கூடாது.

ஆனால் வாய் இருக்கிறதே. பிள்ளையை மடியில் போட்டு ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த கேள்வி பூரணியிடம்.

"கிரகணத்தன்னைக்கு என்னத்தையும் வெட்டினியாட்டி?"

பூரணி கொஞ்சமும் பதறவில்லை. "வெங்காயம் வெட்டினேன் மதினி. உங்க தம்பிக்கு வெங்காயம் இல்லாம ஆம்லெட் இறங்காதுல்லா" என்றாள். அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. நானே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். உதடு இரண்டாம் மாதமே ஒட்டிவிடும், உங்கள் கிரகணம் வந்தது ஐந்தாம் மாதத்தில், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கமாகச் சொன்னார். அதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். டாக்டருக்கு என்ன தெரியும் என்று எழுந்து போய்விட்டாள்.

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்று பூரணியிடம் தனியாகக் கேட்டேன், வெங்காயம் மட்டும்தானா என்று. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பேச்சை மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

வருகிறார்கள், வருகிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில். எல்லோரும் முதலில் சிரித்துக்கொண்டுதான் வருவார்கள். பிள்ளையைப் பார்த்ததும் 'ச்சு ச்சு' என்று ஒரு சத்தம். பல்லி கூட அவ்வளவு சத்தம் போடாது. அப்புறம் என் தோளைத் தட்டி, அடுத்தது நல்லா பிறக்கும் என்கிறார்கள். இது பிறந்து பத்து நாள் ஆகவில்லை.

ஒருத்தர் தென்காசிப் பக்கம் எண்ணெய் தடவியே உதட்டை ஒட்டவைக்கிறவர் இருக்கிறார் என்று நம்பர் கொடுத்தார். ஒரு அம்மா, பொண்ணாப் போச்சே, பையனா இருந்தா மீசையில மறைஞ்சிரும் என்றார். அவருக்கு நான்தான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன செய்வது, வீட்டுக்கு வந்தவர்களிடம் முகத்தைக் காட்ட முடியுமா.

சாயங்காலம் பூரணி பிள்ளையைக் குளிப்பாட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கு எதுக்கும்மா பொட்டு? இந்தப் பிள்ளைக்கு யாரு கண்ணு வைக்கப் போறா" என்று சிரித்தார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, ஏதோ நல்லது சொல்கிற மாதிரிதான் சொன்னார். பூரணி மையில் விரலை இன்னொரு தடவை தொட்டு, நெற்றியிலும் உள்ளங்காலிலும் பெரிதாக வைத்தாள்.

எதிர்வீட்டு அம்மா போன பிறகு அவரை நன்றாகத் திட்டினேன்.

பிப்ரவரி 9, திங்கள்

பார்க்க வந்த மாமா மகன் ராசகுரு பிள்ளையைப் போட்டோ எடுத்து, எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். "சங்கரபாண்டி அத்தான் குழந்தைக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்று கீழே எழுதியிருந்தான். காலையிலிருந்து போன் அடங்கவில்லை. கும்பிடுகிற கை, அழுகிற முகம், முருகா, ஆண்டவா. மும்பையில் இருக்கிற, நான் பார்த்தே இராத ஒருத்தர், எங்கள் பரம்பரையில் இப்படி இருந்ததில்லையே, பெண் வீட்டில் விசாரித்தீர்களா என்று கேட்டிருந்தார்.

போட்டோவை எடுக்கச் சொல் என்றாள் பூரணி. இத்தனை பேர் அக்கறையாக விசாரிக்கும்போது வெடுக்கென்று எடுக்கச் சொன்னால் நன்றாக இருக்காது. மரியாதைக்கு நானும் ஒரு கும்பிடு போட்டேன். பிறகு பூரணியே ராசகுருவுக்குப் போன் போட்டாள். என்ன சொன்னாளோ, ஐந்து நிமிடத்தில் போட்டோ போய்விட்டது. அவன் என்னிடம் இரண்டு நாளாவது பேச மாட்டான்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று பதினாறாம் நாள். பேர் வைத்துத் தொட்டிலில் போட வேண்டிய நாள். அக்கா பேச்சே எடுக்கவில்லை. நான் கேட்டதற்கு, ஆபரேஷன் முடியட்டும், பிள்ளை முகம் நேரானதும் ஊரைக் கூட்டி ஜாம்ஜாமென்று வைப்போம் என்றாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அப்போது செய்தால் போட்டோவும் நன்றாக வரும்.

பூரணி பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அதுவரைக்கும் எம்பிள்ள பேரில்லாம கிடக்கணுமா மதினி?"

பாப்பா என்று கூப்பிட்டால் போதாதா என்றாள் அக்கா. போதாது என்றாள் பூரணி. பேர் வைக்கிற அன்றைக்கு வருகிறவர்கள் எல்லோரும் என் பிள்ளை முகத்தைப் பார்க்கணும், துண்டு போட்டு மூடக் கூடாது, அவளை அவள் முகத்தோடேயே பேர் சொல்லிக் கூப்பிடணும் என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பாலை விட்டபடியே சொன்னாள்.

நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தேன். யோசிப்போம் என்று சொல்லிக் கடைக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

எடை போட்டார்கள். ஏறியது கொஞ்சம்தான். டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, வீட்டில் என்ன சந்தையா நடக்கிறது, பால் கொடுக்க உட்கார்ந்தால் யாராவது வந்து எழுப்பிவிடுகிறார்களாமே, தாய் நிம்மதியாக இருந்தால்தான் பால் ஊறும், பிள்ளை தேறினால்தான் ஆபரேஷன் என்றார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது வாசலில் செருப்புகள் கிடந்தன.

பிப்ரவரி 24, செவ்வாய்

முடிவாகிவிட்டது. நாற்பது கழிகிற ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 8, வீட்டிலேயே பந்தல் போட்டுப் பேர் வைக்கிறோம். ஆதிரை. பூரணி தேர்ந்தெடுத்த பேர். அக்காவிடம் நான்தான் பேசினேன். பூரணி முகத்தில் இத்தனை நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பைப் பார்த்தேன். அன்றைக்குப் பிள்ளை முகத்தை மூடவே மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். செய்துகொடுத்தேன்.

மார்ச் 4, புதன்

ஊரில் எந்த விசேஷத்துக்கும் பேனர் என் கடையில்தான். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. ஆதார் அட்டையில் இருக்கிற தலையைக் கொடுத்து, இதுக்குக் கோட்டு சூட்டு போட்டு நிக்க வைங்க என்பார்கள். நிற்க வைப்பேன். கொஞ்சம் கலராக்குங்க என்பார்கள். ஆக்குவேன். மருவை எடுப்பேன், விழுந்த பல்லை முளைக்க வைப்பேன், செத்துப்போன தாத்தாவைக் கண் திறக்க வைப்பேன். என் கையில் வந்த முகம் எதுவும் வந்தபடியே திரும்பிப் போனதில்லை.

அப்படிப்பட்டவன் வீட்டு விசேஷத்துக்கு வாசலில் பேனர் இல்லையென்றால் ஊர் சிரிக்கும். பூரணியிடம் சொல்லவில்லை. திடீரென்று பார்த்து அசந்துபோகட்டும்.

இன்று பிள்ளை தூங்கும்போது போட்டோ எடுத்து வந்து கடையில் உட்கார்ந்தேன். உதட்டின் நல்ல பக்கத்தை நகலெடுத்து, திருப்பி, மறுபக்கத்தில் வைத்து ஒட்டினேன். மூக்கை நேராக்கினேன். நிறத்தை ஒரு படி தூக்கினேன், எல்லோருக்கும் செய்கிறதுதான். முடித்துப் பார்த்தால் எனக்கே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகு. ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித்தானே இருக்கப்போகிறாள், இரண்டு மாதம் முன்கூட்டியே காட்டுகிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 7, சனி

பேனர் தெருமுனையில் ஒன்று, வீட்டு வாசலில் ஒன்று. அச்சு அருமையாக வந்திருக்கிறது. கூட்டாளிகள் எல்லோரும் பார்த்துவிட்டு, பின்னிட்டியேல என்றார்கள். ஒருத்தரும் வேறெதுவும் சொல்லவில்லை. அக்கா பேனர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பூரணி உள்ளே பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை. நாளைக்குப் பார்ப்பாள்.

மார்ச் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் பூரணி பட்டுச்சேலை கட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். வாசல் பேனர் முன்னால் நின்றாள். நான் பக்கத்தில் போய் எப்படி என்று கேட்டேன். அவள் பேனரைப் பார்த்தாள், கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றுதான் எழுதுகிறேன்.

தொட்டிலுக்கு அக்கா கொசுவலை கட்டியிருந்தாள். பட்டப்பகலில் எந்தக் கொசு என்று பூரணி அதை அவிழ்த்து மடித்து வைத்தாள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், சத்தியம் செய்திருந்தேனே. அக்கா பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திக் காதில் மூன்று தடவை ஆதிரை என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொருவராகத் தொட்டிலுக்கு வந்தார்கள். ஒரு விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் பேனரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். தொட்டிலைக் குனிந்து பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிறது. திரும்பி வாசலைப் பார்க்கிறார்கள். மறுபடி தொட்டிலைப் பார்க்கிறார்கள். பேனரைப் பார்க்காமல் வந்திருந்தால் 'ச்சு' என்பதோடு போயிருக்கும். இன்றைக்கு ஒவ்வொருவரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வைத்துக் கொடுத்தவன் நான்.

சாப்பாடு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ராஜபாளையத்துச் சித்தப்பா வந்தார். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. நல்ல மனிதர். காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். போனும் வைத்துக்கொள்ளவில்லை, குரூப்பிலும் இல்லை. விவரம் எதுவும் அவருக்குத் தெரியாது. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். சுற்றுமுற்றும் தேடினார். பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ரெட்டப் பிள்ளையாப்பா? சொல்லவே இல்லையே. பேனர்ல இருக்கது எங்க, உள்ள தூங்குதா?"

பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பூரணிதான் பதில் சொன்னாள். அவர் காதில் விழ வேண்டும் என்று பக்கத்தில் போய், நிதானமாகச் சொன்னாள்.

"அது கடையில இருக்கு மாமா. அவுக செஞ்ச பிள்ள. இது நான் பெத்த பிள்ள."

சித்தப்பாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், எடுத்தார். அப்போது அக்கா வந்தாள். தொட்டிலிலிருந்து ஆதிரையைத் தூக்கி, அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் மடியில் படுக்க வைத்தாள். "ஒத்தப் பிள்ளதான் சித்தப்பா, நல்லாப் பாத்துக்கோங்க" என்றாள். அவர் பிள்ளையின் காலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் அடுப்படிப் பக்கம் போய் நின்றேன். ஏதோ வேலை இருக்கிற மாதிரி.

மார்ச் 9, திங்கள்

பூரணி சோறு போடுகிறாள். கடைக்கு நேரமாச்சு என்கிறாள். பேனரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நாலு திட்டுத் திட்டினாலாவது பரவாயில்லை.

மார்ச் 10, செவ்வாய்

நானே பேச்சை எடுத்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன், உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தேன், ஊரில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, சித்தப்பா விவரம் தெரியாமல் கேட்டதற்கு நான் என்ன செய்வேன் என்றெல்லாம் அடுக்கினேன். பிள்ளையின் சட்டைகளை மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"உங்ககிட்ட வாரவுகல்லாம் மாத்துங்கன்னு கேட்டு வாராவ. இவ கேட்டாளா?"

கீழே விழுந்த ஒரு சட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"வந்தவுக சொன்னத எல்லாம் நான் அன்னன்னைக்கே விட்டுட்டேன். அவுக வந்துட்டுப் போறவுக. நீங்க வீட்ல இருக்கிற ஆளு. பிறந்த நாள்ல இருந்து நீங்க இவ மூக்குக்குக் கீழ பாத்ததே இல்ல. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சிய?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. சட்டைகளை அடுக்கி அலமாரியில் வைத்துவிட்டு, பாலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 11, புதன்

விடிந்ததும் போய் இரண்டு பேனரையும் இறக்கினேன். எதிர்வீட்டு அம்மா ஆட்டுக்கொட்டகைக்கு மேலே போடக் கேட்டார். கொடுக்க மனமில்லை. கத்தரியை வைக்கவும் கை வரவில்லை. சுருட்டிக் கடையில் மெஷினுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்றைக்கு வாசலில் நாற்காலியைப் போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். பிள்ளை பால் குடிக்கிறது, இப்போது பார்க்க முடியாது, போன் பண்ணிவிட்டு இன்னொரு நாள் வாருங்கள் என்று வருகிறவர்களிடம் சொன்னேன். எங்களுக்கென்ன பிள்ளையே இல்லையா, நாங்க பார்க்காத பிள்ளையா என்று ஒரு அத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு திரும்பிப் போனார். அக்கா என்னோடு சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. மத்தியானம் அவளும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவள் உட்கார்ந்த பிறகு யாரும் படியேறவில்லை. அவள் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும்.

மார்ச் 19, வியாழன்

பூரணிக்குப் பால் கட்டிக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. மருந்து சாப்பிட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எப்படியோ பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அக்கா கல்யாணத்துக்குப் புளியங்குடி போயிருக்கிறாள். பிள்ளை வீறிட்டு அழுகிறது. வீட்டில் நான்தான்.

பாலாடையை எடுத்தேன். முதல் வாய் மூக்கு வழியாக வந்துவிட்டது. இரண்டாவது என் சட்டையில். நிமிர்த்திப் பிடிங்க, வலது ஓரமா விடுங்க, விழுங்கினதைப் பார்த்துட்டு அடுத்ததை விடுங்க என்று பூரணி படுத்தபடியே சொன்னாள். விழுங்கியதைப் பார்க்க வேண்டும் என்றால் வாயைப் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை. பார்த்தேன்.

பால் வருகிறது என்று தெரிந்ததும் பிளவின் இரண்டு ஓரமும் லேசாகத் துடிக்கின்றன. இடது ஓரத்தில் ஒரு சின்ன மேடு, அதில் ஒரு சொட்டுப் பால் எப்போதும் தங்கிவிடுகிறது. நாக்கு வந்து அதைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. எத்தனை சாமர்த்தியம். இருக்கிற வாயை வைத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறாள். அவளுக்குத் தன் வாயில் ஒரு குறையும் தெரியவில்லை.

கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு என் மேலேயே தூங்கிவிட்டாள். எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

பூரணிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் காலைப் பால் இனி என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். கைக்கு வந்துவிட்டது. மூக்கில் ஏறுவதே இல்லை.

ஏப்ரல் 11, சனி

சிரித்தாள்.

தூக்கத்தில் தானாக வருகிற சிரிப்பு இல்லை. என்னைப் பார்த்து, என் குரலைக் கேட்டுச் சிரித்தாள். பிளவு இரண்டு பக்கமும் விரிந்து, மூக்கு அகன்று, கன்னம் கண்ணுக்கு ஏறி, முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. நமக்கெல்லாம் அவ்வளவு பெரிதாகச் சிரிக்க வராது, வாயில் இடமில்லை. பூரணியைக் கத்திக் கூப்பிட்டேன். வந்து பார்த்து, "இது பத்து நாளா இருக்கு" என்றாள். எனக்கு முதலில் காட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள், ஆனால் சிரித்துக்கொண்டே போனாள்.

ஏப்ரல் 30, வியாழன்

ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டது. அக்கா கோயிலில் தேங்காய் உடைத்தாள். ஆபரேஷன் மே 13 என்று தேதி கொடுத்துவிட்டார்கள். தெருவே சந்தோஷப்படுகிறது. இனி பிள்ளை பிள்ளை மாதிரி இருக்கும் என்றார் எதிர்வீட்டு அம்மா. இப்போது என்ன ஆட்டுக்குட்டி மாதிரியா இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அவரிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மே 13, புதன்

திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையிலிருந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பசியில் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு பாலைக் கொடுக்காமல் இருப்பது பெரிய கொடுமை. பூரணியின் ரவிக்கை நனைந்துவிட்டது. அதனால் நான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் மேலும் கீழும் நடந்தேன். என்னென்னவோ உளறினேன். பேனர் வாசகங்களையெல்லாம் ராகம் போட்டுப் பாடினேன். வருக வருக என வரவேற்கும் தாய்மாமன்மார்கள் என்று பாடியபோது அழுகையை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இருக்கும்போதே சிரித்தாள். அந்தப் பெரிய சிரிப்பு.

எனக்குச் சட்டென்று உறைத்தது. இந்தச் சிரிப்பு நாளைக்கு இருக்காது.

டாக்டர் நல்ல கைராசிக்காரர் என்கிறார்கள். உதடு சேர்ந்துவிடும், மார்பில் பால் குடிப்பாள், பேச்சு தெளிவாக வரும். எல்லாம் நல்லதுதான், எல்லாம் வேண்டும். இனிமேலும் சிரிப்பாள், அந்தச் சிரிப்பும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இப்போது என் முகத்துக்கு நேரே இருக்கிற இது இன்னும் கொஞ்ச நேரம்தான். நான் துண்டை இழுத்து மூடிய நாட்கள் எல்லாம் பார்க்காமலே போய்விட்டன. வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, சுவரோரம் திரும்பி நின்று அழுதேன். அடக்க முடியவில்லை.

பூரணி பின்னால் வந்து நின்றாள். ஆபரேஷனுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்திருப்பாள் என்று, அதெல்லாம் இல்லை என்றேன்.

"இந்தச் சிரிப்பு போயிருமே பூரணி."

அவள் என் தோளில் இருந்த பிள்ளையின் வாயைத் தன் விரலால் துடைத்தாள்.

"இப்பமாவது பாத்தியளே" என்றாள்.

உள்ளேயிருந்து ஆதிரை, ஆதிரை என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.